குறும்பிவாங்கி



வரலாறு என்றவுடன் அரசர்களும் அரண்மனைகளும் படையெடுப்புகளுமே நம் நினைவில் எழுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றையே வகுப்பில் கற்பித்துவந்தவன் நான். ஆயினும் இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விரல் நீளமே உள்ள வெள்ளிக் கம்பி. இதை எழுதும்போது அது என் மேசைமீது இருக்கிறது. ஒரு முனை மிகச் சிறிய கரண்டிபோலக் குழிந்திருக்கிறது. மறுமுனையில் ஒரு வளையம். அவ்வளையத்தில் ஒரு முள்வாங்கியும் ஒரு பல்குத்தியும் உடன் கோக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை வைத்திருக்கும் தகரப் பெட்டியில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பலப்பத் துண்டும் கிடக்கிறது. அதன் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இக்கம்பி என் ஆச்சிக்கு உரியது. கடையநல்லூரில் எங்கள் வீட்டு முற்றத்தில், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்தபின், பேரப்பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக அவள் மடியில் தலைசாய்க்க வேண்டும். பாம்படம் அணிந்து தோளைத் தொடுமளவு வளர்ந்த அவளுடைய காதுகள் எங்கள் முகத்தின்மேல் ஊசலாடும். சுருக்குப் பையிலிருந்து இவ்வளையத்தை எடுத்து, வெயில் படும்படி எங்கள் தலையைத் திருப்பி, "அசையாதேலே" என்று ஓர் அதட்டல் போடுவாள். அக்கணம் மூச்சு விடவும் அஞ்சுவோம். அவள் கை நடுங்கியதில்லை என்பதே எங்கள் நல்வினை.

இக்கருவிக்குத் தமிழில் குறும்பிவாங்கி என்று பெயர். குறும்பி என்பது காதினுள் ஊறித் திரளும் பிசின் போன்ற அழுக்கு. வாங்குதல் என்றால் இன்று கடையில் பொருள் பெறுவதையே நினைக்கிறோம். பழைய வழக்கில் அச்சொல்லுக்கு இழுத்தல், வெளியே எடுத்தல் என்னும் பொருளும் உண்டு. முள்ளை எடுப்பது முள்வாங்கி. கெட்ட இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சை குருதி வாங்கல். ஒரு கருவிக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் இருக்கும்போது, "காது குடையும் கம்பி" என்று நாம் சுற்றிவளைத்துச் சொல்வது வருந்தத்தக்கது. குடைதல் என்னும் சொல்லே ஆபத்தான செயலைக் குறிக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இதன் பழமையை ஆராய்ந்தால் வியப்பு உண்டாகிறது. சிந்து வெளியில் ஹரப்பாவை அகழ்ந்தபோது, தலைப்பகுதியில் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட மூன்று செம்புக் கருவிகள் கிடைத்தன. ஒன்று குத்தூசி, ஒன்று இடுக்கி, ஒன்று காதுக் கரண்டி. மெசபொத்தேமியாவின் ஊர், கிஷ் என்னும் பழைய நகரங்களிலும் இத்தகைய தொகுதிகள் கிடைத்துள்ளன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஹரப்பா வணிகனின் இடுப்பில் தொங்கிய பொருளும் என் ஆச்சியின் சுருக்குப் பையில் கிடந்த பொருளும் அமைப்பில் ஏறக்குறைய ஒன்றே. எழுத்து மாறியது, சமயங்கள் மாறின, நாணயம் மாறியது. காதுக் கரண்டி மட்டும் மாறவில்லை. அதற்குக் காரணம் எளிது: மனிதச் செவியின் துளை மாறவில்லை.

வீட்டுக் கருவியாக இருந்த இது வைத்தியனின் கருவியாக உயர்ந்ததை நம் நாட்டுச் சுசுருத சங்கிதையில் காண்கிறோம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்னும் பின்னுமாக வளர்ந்து உருப்பெற்ற நூல் அது. அந்நூல் நூற்றொரு யந்திரங்களைக் கணக்கிடுகிறது. அவற்றுள் சலாகை எனப்படும் கோல் வகைகள் மட்டும் 28. மீனின் அண்ணத்தைப் போன்ற தட்டையான முனையுடைய தாலயந்திரம் என்பது இரண்டு வகை. பன்னிரண்டு விரற்கிடை நீளமுள்ள அவை காதிலும் மூக்கிலும் சிக்கிய அயற்பொருளை எடுப்பதற்கு உரியவை. கழுத்துக்கு மேற்பட்ட உறுப்புகளின் நோய்களைக் கூறும் ஆயுர்வேதப் பிரிவுக்கே சாலாக்கியம் என்று பெயர். அது சலாகையிலிருந்து பிறந்த பெயர். ஒரு மருத்துவத் துறை முழுவதும் ஒரு கம்பியின் பெயரால் வழங்குவது எத்துணைச் சிறப்பு!

இறுகிய குறும்பியைச் சுசுருதர் கர்ணகூதம் என்கிறார். அதற்கு அவர் கூறும் முறையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பின்னர் ஒற்றடத்தால் இளகச் செய்ய வேண்டும். அதன் பிறகே வைத்தியன் சலாகையால் முறையாக நீக்க வேண்டும். எடுத்தவுடன் கம்பியை நுழைக்கச் சொல்லவில்லை. ஊறல், இளகல், நீக்கல் என்னும் இவ்வரிசை இன்றைய மருத்துவமனைகளிலும் மாறவில்லை. நம் சித்த மருத்துவமும் 32 வகைப் புறமருத்துவங்களை எண்ணுமிடத்துச் சலாகை என்பதை ஒன்றாகவும், பீச்சு என்பதை வேறொன்றாகவும் வைத்திருக்கிறது. கோலும் நீரும் ஆகிய இவ்விரண்டு வழிகளே நம் கதையின் இரு தலைமக்கள்.

மேனாட்டில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் உரோமானியர் தம் மருத்துவ நூலில் காதுக்கெனவே ஒரு பகுதி எழுதியிருக்கிறார். குறும்பி இறுகியிருந்தால் சூடான எண்ணெயையோ தேன் கலந்த மருந்தையோ விட்டு இளக்கி, காதுக் கோலால் எடுக்கவும், பீச்சாங்குழலால் நீர் செலுத்திக் கழுவவும் அவர் கூறுகிறார். பூச்சி புகுந்துவிட்டால், பிசினில் தோய்த்த கம்பளியைக் கோலில் சுற்றி உள்ளே சுழற்றி ஒட்டி எடுக்க வேண்டுமாம். எதற்கும் வெளிவராத பொருளுக்கு அவர் கூறும் வழிதான் வேடிக்கையானது. நடுவில் மட்டும் தாங்கலுள்ள ஒரு பலகையில் நோயாளியைக் காது கீழ்நோக்க ஒருக்களித்துக் கட்டி, அவர் கால்மாட்டில் பலகையின் முனையைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் உள்ளே இருப்பது கீழே விழும்! நோயாளி அதன்பின் மற்றொரு முறை காது வலி என்று சொல்லியிருப்பாரா என்பது ஐயத்துக்குரியது.

இவ்வாறு கோலும் குழலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. அப்படியானால் அதன் பின்னர் நிகழ்ந்த முன்னேற்றம் என்ன? இவ்வினாவை வகுப்பில் கேட்டால் மாணவர்கள் புதுக் கருவியின் பெயரைத் தேடுவார்கள். உண்மையில் குறைவாக இருந்தது கருவியன்று; வெளிச்சம்.

செவித்துளை ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது நேரான குழாயன்று. சற்றே வளைந்து செல்லும் குகை. வெளிப்புறத்து மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் மயிரும் அங்கேதான் உள்ளன. உட்புறத்து மூன்றில் இரு பங்கு எலும்பின்மேல் மெல்லிய தோல் போர்த்தது. அதன் முடிவில் செவிப்பறை. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. இருளில் கம்பியை நீட்டுபவன் தன் கம்பிக்கும் அப்பறைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை அறியமாட்டான். என் ஆச்சி எங்கள் தலையை வெயில் பக்கம் திருப்பியதன் காரணம் இதுவே. அவ்வளவில் அவளும் ஐரோப்பியப் பேரறிஞர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

1841-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு சிற்றூர் மருத்துவர், ஹோஃப்மன் என்பவர், நடுவில் துளையிட்ட ஒரு குழியாடியைப் பயன்படுத்துவதைப் பற்றி எழுதினார். பகலொளியை ஆடியால் திரட்டிக் காதுக்குள் செலுத்தி, துளையின் வழியே கண்ணை வைத்துப் பார்ப்பது அம்முறை. ஒளி செல்லும் வழியும் பார்வை செல்லும் வழியும் ஒன்றாகிவிட்டால் நிழல் விழ இடமில்லை. எவ்வளவு எளிய கருத்து! ஆயினும் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1855-இல் ஃபான் டிரோல்ச் என்பவர் பாரிஸ் நகரில் இதனை மீண்டும் செய்துகாட்டிய பின்னரே மருத்துவ உலகம் கண் திறந்தது. பழைய மருத்துவர் நெற்றியில் வட்ட ஆடி கட்டியிருப்பதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அது இதன் வழிவந்ததே. 1865-இல் பிரன்டன் என்னும் ஆங்கிலேயர் புனலும் ஆடியும் வில்லையும் ஒருங்கே அமைந்த செவிநோக்கியைச் செய்தார். பின்னர் அதனுள் மின்விளக்குப் புகுந்தது.

அக்காலத்துக் காது மருத்துவர் இருவரைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்தி. கூம்பு வடிவக் காதுக்குழலைப் பரப்பிய டப்ளின் நகரத்து வில்லியம் வைல்டு, இலக்கியம் பயில்வோர் அறிந்த ஆஸ்கார் வைல்டின் தந்தை. இலண்டனில் ஏறக்குறைய ஈராயிரம் காதுகளை அறுத்து ஆராய்ந்து 1860-இல் பெருநூல் வெளியிட்ட ஜோசப் டாயின்பி, வரலாறு பயில்வோர் அறிந்த ஆர்னால்டு ஜே. டாயின்பியின் பாட்டனார். காதிரைச்சலுக்கு மருந்து காண வேண்டித் தம்மீதே குளோரோபாரம் முதலியவற்றின் ஆவியைச் சோதித்துப் பார்த்தபோது 1866-இல் அவர் உயிர் நீத்தார். பேரன் நாகரிகங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பல தொகுதிகளில் எழுதினார். பாட்டன் ஒரு சிறு துளையின் ஆழத்தை அறிய உயிரைக் கொடுத்தார். இருவருள் எவர் பெரியவர் என்று கேட்டால், வரலாற்று ஆசிரியனாகிய நான் பாட்டனாரின் பக்கமே நிற்பேன்.

ஆடிக்குப் பின் உருப்பெருக்கி வந்தது. 1921-இல் சுவீடன் நாட்டு நைலேன் என்பவர் காது அறுவைக்கு நுண்ணோக்கியைப் பயன்படுத்தினார். 1953 முதல் இரு கண்ணாலும் பார்க்கும் சிறந்த அறுவை நுண்ணோக்கிகள் பரவலாயின. இன்று பெரிய மருத்துவமனைகளில் நுண்ணோக்கியின் கீழே மெல்லிய உறிஞ்சுகுழலால் குறும்பியை எடுத்துவிடுகிறார்கள். ஒரு துளி நீரும் வேண்டுவதில்லை. ஜாப்சன் ஹார்ன் என்பவர் பெயரால் வழங்கும் உலோகக் கோல் ஒன்றும் காது மருத்துவர் ஒவ்வொருவரிடமும் உண்டு. ஒரு முனையில் குறும்பியை எடுக்கும் சிறு வளையம், மறு முனையில் பஞ்சு சுற்றுவதற்கான அரம். அதை முதன்முதலில் கண்டபோது என் ஆச்சியின் சுருக்குப் பைதான் எனக்கு நினைவு வந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், கடையநல்லூரிலிருந்து தென்காசி செல்லும் பேருந்தில் நிற்க இடமிருக்காது. பேரருவியில் தலையைக் கொடுத்து நிற்பது பேரின்பம். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது பலர் தலையை ஒருபுறம் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டே வருவார்கள். "அருவித் தண்ணி காதுல போய்ட்டு, கேக்கல" என்பார்கள். உண்மையில் அருவியின் நீர் எப்பொழுதோ வடிந்துவிட்டது. முன்பே காதில் இருந்த காய்ந்த குறும்பி நீரை உறிஞ்சி உப்பித் துளையை முழுவதும் அடைத்துவிட்டது. முந்தின நாள்வரை மயிரிழை இடைவெளி இருந்தால்கூட ஒலி நுழைந்துவிடும். அந்த இடைவெளியும் மூடியவுடன் திடீரென்று செவிடாகிறது. பாவம், பழி அருவியின்மேல் விழுகிறது.

உடனே கையில் கிடைத்தது காதுக்குள் போகும். தீக்குச்சி, ஈர்க்குச்சி, கொண்டை ஊசி, கோழி இறகு, பேனா மூடி, சாவி ஆகிய எதையும் நம் மக்கள் விட்டுவைத்ததில்லை. திருவிழாக் கூட்டத்தில் தோளில் சிறு பையும் கையில் பித்தளைக் கம்பியுமாக அலைந்த காது சுத்தம் செய்பவர்களையும் என் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கம்பெனி ஆட்சிக் காலத்து ஓவியர்கள் நம் நாட்டுத் தொழிலாளரை வரிசையாக வரைந்தபோது, இத்தொழிலையும் விட்டுவிடவில்லை. அவர்களுள் கைத்திறன் உள்ளவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் நான் கண்ட ஒருவர் என் உறவினர் ஒருவரின் காதிலிருந்து மிளகளவு கல் ஒன்றை எடுத்துக்காட்டிக் கூலியை இரட்டிப்பாக வாங்கிச் சென்றார். அக்கல் அவருடைய விரலிடுக்கிலிருந்து வந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். கல் போலியாக இருந்தாலும் அன்றிரவு தொடங்கிய சீழ் மெய்யாகவே இருந்தது. அந்த உறவினர் அக்காதால் இறுதிவரை சரியாகக் கேட்கவில்லை.

இவ்வளவும் கண்டிருந்தும், ஒரு பிழையை நான் செய்தேன். அதைச் சொல்வதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன் என்றும் கூறலாம்.

1980-களின் பிற்பகுதி. நான் ஆசிரியனாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆறாம் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு சிறுவன். தந்தை தறி நெய்பவர். பெயர் சொல்லி அழைத்தால் இரண்டு முறைக்குப் பிறகே எழுவான். "பாடத்தைப் படி" என்றால் பக்கத்துப் பையனைப் பார்ப்பான். சொல்வதெழுதுதல் வைத்தால் பத்துச் சொல்லில் ஏழு தவறு. அதே சொற்களைக் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் முத்துமுத்தாக எழுதுவான். இவ்வொரு குறிப்பே போதுமானது. ஆனால் எனக்குப் போதவில்லை. மந்த புத்தி என்று சொல்லவில்லை; அதைவிடக் கொடியதாக, திமிர் என்று எண்ணினேன். பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். காதைப் பிடித்துத் திருகினேன். மதிப்பெண் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே "கவனக் குறைவு" என்று சிவப்பு மையால் எழுதினேன்.

ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு தாள் உண்டு. பின்தங்கும் மாணவனைத் தண்டிக்குமுன் அவனுடைய கண்ணையும் செவியையும் சோதித்தறிய வேண்டும் என்பது அதில் வரும் முக்கியமான வினா. நான் அவ்வினாவுக்கு இரண்டரைப் பக்கம் விடை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன்.

ஒரு நாள் மாலை மணி அடித்தது. பிள்ளைகள் அனைவரும் எழுந்து ஓடினர். அவன் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் ஓடுவதைக் கண்ட பிறகே பையை எடுத்தான். மணி அடித்தும் எழாத ஒரு திமிர் உலகத்தில் எந்தச் சிறுவனுக்கும் இருக்க முடியாது என்பது அப்பொழுதுதான் என் மூளைக்கு எட்டியது. அருகே சென்று, அவன் முதுகுப்புறம் நின்று, அவன் பெயரை மெல்லச் சொன்னேன். திரும்பவில்லை.

அவன் தந்தையைக் கண்டேன். அவர் வீட்டில் தறிக்குழியில் அமர்ந்திருந்தார். தறியின் ஓசையில் நானே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "தறி வீட்டுல எல்லாரும் சத்தமாத்தானே சார் பேசுதோம். அதுனால எங்களுக்குத் தெரியல" என்றார். காது அரிக்கிறது என்று பையன் சொன்னபோதெல்லாம் ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிச் சுத்தம் செய்துவிட்டதாகவும் கூறினார். மறுநாள் மூவரும் அரசு மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம்.

அங்கிருந்த மருத்துவர் செவிநோக்கியால் இரு காதையும் பார்த்தார். பின்னர் என்னையும் பார்க்கச் சொன்னார். பழுப்பு நிறச் சுவர் ஒன்று துளையை முற்றிலும் மூடியிருந்தது. "இது தானாக வெளியே வர வேண்டிய பொருள் சார். உள்ளே தள்ளித் தள்ளிக் கெட்டித்துவிட்டார்கள்" என்றார். செவித்துளையின் தோல், மற்ற இடத்துத் தோலைப்போல அந்தந்த இடத்திலேயே உதிர்வதில்லை. செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்பட்டு, நகம் வளரும் வேகத்தில், மெல்ல வெளிநோக்கி நகர்கிறது. தன்மேல் படிந்த தூசியையும் குறும்பியையும் சுமந்துகொண்டே வருகிறது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் அசையும் தாடை அதற்குத் துணை செய்கிறது. ஆகவே பெரும்பாலோருக்குக் காதைச் சுத்தம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பஞ்சுக் குச்சி அந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தள்ளுகிறது. இக்காலத்தில் கடைதோறும் விற்கும் பஞ்சுமுனைக் குச்சி 1923-இல் அமெரிக்காவில் கெர்ஸ்டன்சாங் என்பவர் தம் மனைவி பல்குத்தியில் பஞ்சு சுற்றுவதைக் கண்டு செய்தது. இன்று அப்பெட்டிகளின்மேல், செவித்துளைக்குள் நுழைக்காதீர் என்று எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். விற்பவர்களே இவ்வாறு சொல்லியும் வாங்குபவர்கள் கேட்பதாயில்லை.

நான்கு நாள் எண்ணெய்ச் சொட்டு விட்டு ஊறவைத்து மீண்டும் வரச் சொன்னார்கள். சுசுருதரின் வரிசை என் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நாள், விரல் நுழைக்கும் வளையங்களுடன் கூடிய உலோகப் பீச்சாங்குழலைக் கொணர்ந்தார்கள். கழுத்தில் துண்டு போர்த்தி, காதின் கீழே அவரை விதை வடிவத் தட்டு ஒன்றைப் பையனையே பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். மருத்துவர் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தார். வளைந்த குகை அதனால் நேராகிறது. நீரைச் செவிப்பறையை நோக்கிச் செலுத்தவில்லை. துளையின் மேற்சுவரை நோக்கிச் சாய்வாகச் செலுத்தினார். ஐந்தருவிப் பாறையில் மோதும் நீர் பாறையின் பின்புறம் சுழன்று திரும்புவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல நீர் அடைப்பின் மேலாகச் சென்று, பின்னால் புகுந்து, திரும்பி வரும்போது அடைப்பைத் தள்ளிக்கொண்டு வருகிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதில் சீழ் இருந்தாலோ இம்முறை கூடாது. பயறோ உளுந்தோ சிக்கியிருந்தாலும் கூடாது. நீர் பட்டால் அவை ஊறிப் பருத்துவிடும்.

இரண்டாம் முறை பீச்சியவுடன் சிறுவன் நாற்காலியை இறுகப் பற்றினான். "சார், எல்லாம் சுத்துது" என்று அலறினான். அவன் கண்மணிகள் இரண்டும் ஒரே பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தன. நான் அஞ்சிவிட்டேன். மருத்துவர் நீர்க்கிண்ணத்தில் விரலை வைத்துப் பார்த்து, "ஆறிவிட்டது, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்" என்று செவிலியிடம் சொன்னார். நீர் சூடாகும்வரை என் கலக்கத்தைப் போக்குவதற்காக ஒரு கதையும் சொன்னார். பிற்காலத்தில் நானும் நூல்களில் படித்துத் தெளிந்த அக்கதை இது.

வியன்னா நகரத்துக் காது மருத்துவமனையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் பாரனி என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். நோயாளிகளின் காதைக் கழுவும்போது சிலருக்குத் தலைசுற்றி, கண்மணிகள் துடிப்பதைக் கண்டார். ஒரு நோயாளி, நீர் போதிய சூடில்லாதபோதுதான் தமக்குத் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார். பாரனி செவிலியை அழைத்துச் சூடான நீர் கொண்டுவரச் செய்தார். அடுத்தமுறை நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாக இருந்தது, நோயாளி கூச்சலிட்டார். பிறிதொருவராயின் செவிலியைக் கடிந்துகொண்டு வேலையை முடித்திருப்பார். பாரனி நோயாளியின் கண்ணைப் பார்த்தார். குளிர்ந்த நீரில் ஒரு பக்கமாகத் துடித்த கண்மணிகள் சுடுநீரில் எதிர்ப்பக்கமாகத் துடித்தன!

குளியலறைக் கொதிகலனில் சூடான நீர் மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கீழே தங்குவதும் அவர் நினைவுக்கு வந்தது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றில் நிரம்பிய நீர்மமே நம் உடலின் சமநிலையை உணரச் செய்வது. காதில் விட்ட நீரின் வெப்பம் அந்நீர்மத்தை அசைக்கிறது. தலை அசையாமலே தலை சுழல்வதாக மூளை ஏமாறுகிறது என்று அவர் விளக்கினார். எட்டிப் பார்க்கவே முடியாத உட்செவியை ஒரு கிண்ணம் நீரைக் கொண்டே சோதிக்கும் முறை இவ்வாறு பிறந்தது. 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அச்செய்தி வந்தபோது அவர் மேடையில் இல்லை. முதல் உலகப் போரில் பிடிபட்டு இரஷியச் சிறைமுகாமில் இருந்தார். சுவீடன் நாட்டு இளவரசர் ஒருவரின் முயற்சியால் 1916-இல் விடுதலை பெற்று, அதன்பின் பரிசைப் பெற்றார். 1983-இல் எடையற்ற விண்வெளிக் கூடத்தில் இச்சோதனையைச் செய்தபோது, சூடான நீர்மம் மேலேறும் நிலை அங்கு இல்லாதிருந்தும் கண்கள் துடித்தன. ஆகவே பாரனியின் விளக்கம் முழு விளக்கமன்று என்று தெரியவந்தது. சோதனை மட்டும் இன்றும் நடைபெறுகிறது.

நீர் சூடாகி வந்தது. மூன்றாம் முறை, நான்காம் முறை. இடக்காதிலிருந்து புளியங்கொட்டை அளவுள்ள கரிய உருண்டை தட்டில் விழுந்தது. வலக்காது எளிதில் இணங்கவில்லை. நெடுநேரம் சென்று அதிலிருந்தும் ஒன்று விழுந்தது. விழும்போது தட்டில் 'டக்' என்று ஓசை கேட்டது. குறும்பியால் அவ்வோசை எழாது. மருத்துவர் அதைக் கழுவிப் பார்த்தார். உள்ளே ஒரு பலப்பத் துண்டு. முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ விளையாட்டாக நுழைத்துக்கொண்டு, அடி விழும் என்று அஞ்சிச் சொல்லாமல் மறைத்திருக்கிறான். எழுத்தறிவிக்கக் கொடுத்த பொருளே பாடத்தின் வழியை நான்கைந்து ஆண்டுகள் அடைத்துக்கொண்டிருந்தது.

மீண்டும் செவிநோக்கியால் பார்க்கச் சொன்னார். அந்தப் பழுப்புச் சுவர் இருந்த இடத்தில், முத்துச்சிப்பியின் உட்புறம்போல, செவிப்பறை ஒளிர்ந்தது. ஓட்டை ஏதும் இல்லை. தந்தையின் ஈர்க்குச்சிக்கும் பறைக்கும் நடுவே அக்குறும்பிச் சுவர்தான் காவலாக நின்றிருக்கிறது.

வெளியே வந்தோம். சாலையில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பியது. சிறுவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தந்தையின் பின்னால் ஒளிந்தான். அவர் அழுதுகொண்டிருந்தார். ஊர் திரும்பும் வழியெல்லாம் அவன் என்னிடம் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டான். வண்டியின் சன்னல் எப்பொழுதும் இப்படித்தான் ஆடிச் சத்தம் போடுமா? காகம் இவ்வளவு உரக்கவா கத்தும்? நான் பேசும் குரல் என் குரல்தானா?

மறுநாள் காலை பள்ளி மணி அடித்தபோது, அவன் வகுப்பில் முதல் ஆளாக எழுந்து நின்றான். வணக்கப்பாட்டு முடியுமுன்பே என்னைத் தேடி வந்து, "சார், மணி இவ்வளவு சத்தமா அடிக்குமா? நேத்து வரைக்கும் தூரத்துல அடிக்கிறதா நெனச்சேன்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. ஆசிரியர் அறைக்குச் சென்று பதிவேட்டை எடுத்தேன். சிவப்பு மையால் எழுதியிருந்ததை அடித்தேன். அதன்மேல், "செவியடைப்பு; நீக்கப்பட்டது. தவறு ஆசிரியருடையது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.